எந்த வயதுக்கு எந்த ஏரி? குழந்தைகளோடு ஆல்ப்ஸ் ஏரிக்கரை விடுமுறை

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பெரிய ஏரிகள் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள். பனியூழியில் பள்ளத்தாக்குகளை அடைத்துக் கிடந்த பனிக்கட்டி, மெல்ல நகர்ந்தபடியே பாறையை அரித்தது. அது உருகி விலகியபின் அந்தக் குழிகளில் நீர் தங்கியது. அதனால்தான் சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரி சுமார் 260 மீட்டர் ஆழம், இத்தாலியின் கார்டா 346 மீட்டர், கோமோ 400 மீட்டருக்கும் மேல். கரையிலிருந்து நாலு எட்டு வைப்பதற்குள் கால் தரையில் தட்டாமல் போகும் இடங்கள் இந்த ஏரிகளில் நிறைய உண்டு. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். எந்த விளம்பரப் படத்திலும் தெரியாத செய்தியும் இதுதான்.

படத்தில் தெரிவது நிறம் மட்டுமே. அதிலிருந்தும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். பால் கலந்தாற்போன்ற பச்சைநீலம் என்றால், பனியாறு பாறையை அரைத்த மாவு இன்னும் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நீர் பனிக்கட்டியாக இருந்து அதிக நாளாகவில்லை. ஆரே, லூச்சினே என்ற இரண்டு ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் பனியாற்று நீரால் நிரம்பும் பிரியன்ஸ் ஏரி, நடுக்கோடையிலும் 20 டிகிரியை எட்டுவது அரிது. அதே ஆரே ஆறு பிரியன்ஸில் மாவைப் படியவிட்டுத் தெளிந்து, இன்டர்லாக்கன் ஊரைக் கடந்து தூன் ஏரியில் நுழைகிறது. தூன் ஏரி ஒன்றிரண்டு டிகிரி இதமாக இருக்கும்.

தெளிந்த நீலம் வேறு கதை. பிரான்சின் அனசி ஏரியில் பெரிய பனியாற்று நீர் எதுவும் வந்து கலப்பதில்லை. சுண்ணாம்புப் பாறை மலைகளிலிருந்து வரும் ஓடைகளும் ஊற்றுகளும்தான் அதை நிரப்புகின்றன. கோடையில் 22 முதல் 24 டிகிரிவரை வெப்பம் ஏறும். ஆஸ்திரியாவின் தெற்கே, கெர்ன்டன் மாநிலத்தில் உள்ள வோர்த்தர் ஏரி இன்னும் ஒரு படி மேலே. அதற்குள் வந்து விழும் பெரிய ஆறு இல்லை. அடிநீரும் மேல்நீரும் முழுமையாகக் கலப்பதும் இல்லை. ஆகவே வெயில் முழுவதும் மேற்பரப்பிலேயே தங்கி, ஜூலை, ஆகஸ்டில் 25 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சென்னைக் கடலோடு ஒப்பிட்டால் இதுவும் குளிர்தான். ஆனால் ஆல்ப்ஸ் கணக்கில் இது வெதுவெதுப்பான தண்ணீர்.

ஆழம், சரிவு, வெப்பம் ஆகிய மூன்றையும் பிள்ளையின் வயதோடு பொருத்திப் பார்த்தால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

நடை பழகும் வயது முதல் நான்கைந்து வயதுவரை

இந்த வயதுக்கு வேண்டியது மலைக்காட்சி அல்ல, முழங்கால் அளவு தண்ணீரும் புல்தரையும் பக்கத்தில் ஒரு கழிப்பறையும். மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம், ஜெர்மன் பேசும் பகுதிகளில் ஷ்ட்ராண்ட்பாட் எனப்படும் பொதுக் குளியல் கரை. நுழைவுக் கட்டணம் கொடுத்து உள்ளே போனால் உடை மாற்றும் அறை, நிழல் மரங்கள், நீச்சல் தெரியாதவர்களுக்கென்று பிரித்த பகுதி, பல இடங்களில் குழந்தைகளுக்கான தனிச் சிறுகுளம், உருளைக்கிழங்கு வறுவலும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கும். காசு கொடுத்து ஏரியில் குளிப்பதா என்று முதலில் தோன்றலாம். வோர்த்தர் ஏரியின் கரையில் பெரும்பகுதி தனியார் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் சொந்தம் என்பதால், அங்கே இது ஏறக்குறைய ஒரே வழி. குழந்தைக்கு நல்ல வழியும் அதுதான். அந்த ஏரியின் கிழக்கு முனையில் உள்ள கிளாகன்ஃபுர்ட் நகரின் ஷ்ட்ராண்ட்பாட் 1924 முதல் இயங்குகிறது. நீண்ட மரப்பாலங்கள் நீருக்குள் நீள, பின்னால் பெரிய புல்வெளி. பக்கத்திலேயே மினிமுண்டுஸ்: உலகின் புகழ்பெற்ற கட்டடங்களைச் சிறு உருவில் செய்து வைத்திருக்கும் பூங்கா. சிறுபிள்ளை உள்ள குடும்பம் குளிப்பதற்காகவே ஒரு வாரம் தங்குவதென்றால், இந்த வழிகாட்டியில் வரும் ஏரிகளுள் வோர்த்தர் ஏரிக்கே முதலிடம்.

இரண்டாமிடம் ஸ்லோவேனியாவின் பிளெட். ஒன்றரைச் சதுரக் கிலோமீட்டர்கூட இல்லாத சிறிய ஏரி. ஆழம் 30 மீட்டர். சுற்றிவர 6 கிலோமீட்டர் பாதை, குழந்தையின் தள்ளுவண்டி தடையில்லாமல் உருளும். நடுவில் தீவு, தீவில் தேவாலயம், அதற்கு ஏறிப்போக 99 கற்படிகள். பிளெட்னா என்ற கூரை போட்ட மரப்படகில் படகுக்காரர் நின்றபடியே துடுப்புப் போட்டு அழைத்துப் போவார். ஏரியில் பெட்ரோல் படகுகளுக்கு இடமில்லை என்பதால் இரைச்சலும் அலையும் கிடையாது. குறையும் உண்டு: கோடையில் பேருந்து பேருந்தாகப் பகல்நேரப் பயணிகள் வந்து இறங்குகிறார்கள், கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அங்கேயே தங்குபவருக்குக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் ஏரி திரும்பக் கிடைக்கும்.

பிளெட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய போஹின் ஏரி, டிரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பெரியது, அமைதியானது, இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தது. பிள்ளைக்கு ஆறு வயதுக்கு மேல் என்றால் பிளெட்டை விட்டுப் போஹினில் தங்கலாம். வோகல் மலைக்கு 1,535 மீட்டர்வரை ரோப் காரும் உண்டு.

ஐந்து முதல் பத்து வயதுவரை

தண்ணீர் மட்டும் போதாத வயது இது. அரை நாள் குளியல், அரை நாள் வண்டி, படகு, விலங்கு என்று பிரிந்தால்தான் வாரம் ஓடும். இங்கே போட்டி அனசிக்கும் தூன்–பிரியன்ஸ் இரட்டை ஏரிகளுக்கும் இடையில்.

அனசியின் பலம் மிதிவண்டி. அனசியிலிருந்து ஆல்பர்வில் நோக்கிப் போன பழைய ரயில் பாதை கைவிடப்பட்டபின், மேற்குக் கரை ஓரமாகத் தார் போட்ட மிதிவண்டித் தடமாக மாறியது. ரயில் போன பாதை என்பதால் ஏற்றம் மிகக் குறைவு. டுவாங் என்ற ஊரில் பழைய ரயில் குகைக்குள்ளேயே வண்டி ஓட்டிப் போகலாம். ஏரியை முழுதாகச் சுற்றினால் சுமார் 40 கிலோமீட்டர், சிறுவர்களுக்கு அதிகம். மேற்குக் கரையில் ஒரு பகுதி ஓட்டிவிட்டு, சென்-ஜோரியோ போன்ற கரையோர ஊரில் குளித்துத் திரும்புவதே ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் வேலை. இந்த நீரின் தூய்மைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களில் ஊர்க் கழிவெல்லாம் ஏரியில் கலந்து நீர் கெட்டுக்கொண்டிருந்தது. போல் செர்வெத்தாஸ் என்ற மருத்துவர், தாமே நீரில் மூழ்கிப் பார்த்த அனுபவத்தோடு எச்சரித்தார். 1957-இல் கரையோர உள்ளாட்சிகள் ஒன்றுசேர்ந்தன, பின்னர் ஏரியைச் சுற்றிக் கழிவுநீர்க் குழாய் வளையம் அமைத்தன. இன்று ஐரோப்பாவின் மிகத் தூய ஏரிகளில் ஒன்றாக அது பேசப்படுவது இயற்கை தந்த வரம் மட்டுமல்ல. ஜெனீவா விமான நிலையத்திலிருந்து சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குள் அனசிக்குப் போய்விடலாம்.

தூன்–பிரியன்ஸ் ஏரிகளின் பலம் வண்டிகள். ரயில், கப்பல், பற்சக்கர ரயில், சாய்வு ரயில், ரோப் கார் என்று ஊர்திகளில் பித்துப் பிடித்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஆல்ப்ஸில் இல்லை. பிரியன்ஸ் ஏரியில் 1914-இல் கட்டிய ‘லோட்ச்பெர்க்’ நீராவிக் கப்பலும், தூன் ஏரியில் 1906-இல் கட்டிய ‘புளூமிஸ்ஆல்ப்’ கப்பலும் இன்னும் சக்கரத் துடுப்புச் சுழல ஓடுகின்றன. எஞ்சின் அறையை மேலிருந்து எட்டிப் பார்க்க விடுவார்கள். பிரியன்ஸ் ஊரிலிருந்து ரோட்ஹார்ன் மலைக்கு 1892 முதல் நீராவிப் பற்சக்கர ரயில் ஏறுகிறது. நீலகிரி மலை ரயிலில் போயிருக்கும் பிள்ளை அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளும். இரண்டிலும் தண்டவாளங்களுக்கு நடுவே இருப்பது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த அதே பல்வரிசை. ஊட்டியின் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவையே. பிரியன்ஸுக்கு அருகில் பாலன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகம்: நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய நூற்றுக்கும் மேற்பட்ட பழைய வீடுகள், அவற்றைச் சுற்றி ஆடு, மாடு, கோழி, பன்றி. ஒரு நாள் முழுக்கப் போகும்.

குளியலுக்கு மட்டும் பிரியன்ஸை நம்பக் கூடாது. தங்கும் இடத்தைத் தூன் ஏரியின் பக்கம் வைத்துக்கொண்டு பிரியன்ஸைக் கப்பலில் போய்ப் பார்த்துவருவதே புத்திசாலித்தனம். கொரிய நாடகத்தில் வந்து புகழ்பெற்ற, பிரியன்ஸ் கரையிலுள்ள இசல்ட்வால்ட் படகுத்துறையில் படமெடுக்க இப்போது கட்டணம் கொடுத்துத் தடுப்புக் கதவைத் தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை.

செலவைப் பொறுத்தவரை சுவிட்சர்லாந்துதான் எல்லாவற்றிலும் அதிகம். ஒரு சலுகை அந்தக் கணக்கை ஓரளவு சமன்செய்கிறது: பெற்றோரில் ஒருவர் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால், ஃபேமிலி கார்டு கேட்டு வாங்கி 6 முதல் 15 வயதுவரையுள்ள சொந்தப் பிள்ளைகளை ரயிலிலும் கப்பலிலும் கட்டணமின்றி அழைத்துப் போகலாம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய தொகை. இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டும் வெளியே போகும் குடும்பத்துக்குப் பாஸே வேண்டியதில்லை. பல ஊர்களில் விடுதி தரும் விருந்தினர் அட்டையைக் காட்டினால் உள்ளூர்ப் பேருந்து இலவசம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வசதி. 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சுவிட்சர்லாந்தில் குடியேறினார்கள். தூனிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் வரும் பெர்ன் நகரில், பல சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் வழிபடும் சமயங்களின் இல்லம் 2014-இல் திறக்கப்பட்டது. அதற்குள் சைவக் கோயிலும் இருக்கிறது. நான்காம் நாள் பாலாடைக்கட்டியைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்குத் தமிழ்க் கடை மளிகை கைகொடுக்கும்.

பத்து வயதுக்கு மேல்

வளர்ந்த பிள்ளைகளுக்குக் கார்டா. 370 சதுரக் கிலோமீட்டர் பரப்பில், இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. கடல்மட்டத்துக்கு 65 மீட்டர் உயரத்திலேயே கிடப்பதால் கோடை அங்கே முன்னதாக வந்து தாமதமாகப் போகும். வடக்கும் தெற்கும் வெவ்வேறு ஏரிகள் என்றே சொல்லலாம். வடக்கில் இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே ஒடுங்கிய ஆழ்ந்த நீர். பின்னிரவிலிருந்து காலைவரை வடக்கிலிருந்து பெலேர் காற்றும், நண்பகலுக்குப்பின் தெற்கிலிருந்து ஓரா காற்றும் கடிகாரம்போல் வீசும். டோர்போலே, ரீவா ஊர்களில் பாய்ப்பலகைச் சவாரிப் பள்ளிகள் வரிசையாக இருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். மால்சேசினே ஊரிலிருந்து மோன்டே பால்டோ மலைக்குச் சுழன்றபடியே ஏறும் ரோப் கார் உண்டு. தெற்கில் ஏரி அகன்று, கரை தாழ்ந்து, தண்ணீர் மெல்ல ஆழமாகும். பெஸ்கியேராவுக்கு அருகில் 1975 முதல் கார்டாலாண்ட் கேளிக்கைப் பூங்கா. ஊருக்குள்ளேயே மிலான்–வெனிஸ் ரயில் பாதையில் நிலையம். நீச்சல் குளம் வைத்த பெரிய முகாம் மைதானங்களும் தெற்குக் கரையில்தான் அதிகம். சின்னதும் பெரியதுமாகப் பிள்ளைகள் உள்ள குடும்பம் தெற்கில் தங்கி, பெரியவனை ஒருநாள் வடக்குக்குப் படகில் அழைத்துப் போனால் இரண்டு பேருக்கும் நியாயம் கிடைக்கும். கரை பெரும்பாலும் கூழாங்கல். ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கினால் முதல் நாளே அழுகை.

சைவச் சாப்பாட்டுக்கும் கார்டாவே எளிது. பீட்சா, பாஸ்தா, ஜெலாட்டோ எந்தப் பிள்ளைக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத உணவு. ஆகஸ்டில் கரையோரச் சாலையில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கோமோ ஏரியின் மாளிகைகளும் தோட்டங்களும் பெரியவர்களுக்கு அழகு, பிள்ளைகளுக்குச் சலிப்பு. ஜெர்மனியின் கோனிக்ஸே குளிர்ந்தது, மலைகளுக்கு நடுவே அடைபட்டது. 1909 முதல் மின்படகுகள் மட்டுமே ஓடும் அந்த ஏரிக்கு ஒரு பகல் போதும்.

மாதம்

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையும் ஆல்ப்ஸ் கோடையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மே மாதத்தில் மலையடிவாரம் பூத்துக் குலுங்கினாலும் ஏரி நீர் பெரும்பாலான இடங்களில் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். ரோட்ஹார்ன் போன்ற மலை ரயில்கள் பனி விலகக் காத்து ஜூனில்தான் ஓடத் தொடங்கும். ஆகவே மே பயணத்தில் குளியலைக் கணக்கில் சேர்க்காமல், தாழ்ந்த தெற்கு ஏரிகளையோ, நடைக்கும் படகுக்கும் ஏற்ற பிளெட்டையோ, மிதிவண்டிக்கு அனசியையோ எடுப்பது சரி. ஜூலை, ஆகஸ்டில் நீர் இதம், ஆனால் ஐரோப்பாவின் பள்ளிகளும் அப்போது விடுமுறையில். வாடகை உச்சம், பிற்பகல் இடிமழையும் அடிக்கடி. பலர் கவனிக்காத காலம் செப்டம்பர். நீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிர்வதால், காற்று குளிரத் தொடங்கிய பின்னும் ஏரி வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். காலாண்டுத் தேர்வு விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்குக் கார்டாவின் செப்டம்பர் கடைசி ஆகஸ்டைவிட மேல்.

தங்குவது

விடுதியைவிடச் சமையலறை உள்ள விடுமுறை வீடு குடும்பத்துக்குச் சிக்கனம். கோடை உச்சத்தில் இவற்றைச் சனி முதல் சனிவரை முழு வாரமாகத்தான் பெரும்பாலும் தருவார்கள். நாலு நாளுக்கு ஓர் ஏரி என்று திட்டம் போட்டவர்கள் இங்கே முட்டிக்கொள்வார்கள். பிள்ளைகளோடு ஒரே ஏரியில் ஏழு நாள் இருப்பது எப்படியும் நல்லது. ஆஸ்திரியாவில் பண்ணை வீட்டுத் தங்கலும் பரவலாகக் கிடைக்கிறது. காலையில் கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்கப் போன பிள்ளையை ஏரிக்கு இழுத்து வருவதுதான் சிரமம். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி மூன்றிலும் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை வந்து சேர்பவர்கள் முதல் வேலையாகப் பாலும் தயிரும் வாங்கிவிட வேண்டும்.

கார் தேவையா என்பதும் ஏரியைப் பொறுத்தது. தூன்–பிரியன்ஸில் கார் சுமை. வோர்த்தர் ஏரியின் வடகரையில் ரயில் பாதையே ஓடுகிறது. போஹின், அனசியின் தென்கரை ஆகியவற்றுக்குக் கார் இருந்தால் வசதி. வாடகைக்கு எடுப்பவர்கள் குழந்தை இருக்கையை முன்பே சொல்லி வைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 12 வயதுக்கு உட்பட்ட, 150 சென்டிமீட்டர் உயரத்தைத் தொடாத பிள்ளைக்கு அது சட்டப்படி கட்டாயம்.

நீரில் கவனம்

ஆல்ப்ஸ் ஏரி நீர் மேலே இதமாகவும் அதற்குக் கீழே சில்லென்றும் இருக்கும். வெயிலில் காய்ந்த உடம்போடு திடீரென்று குதித்தால் மூச்சு திணறும். கை கால் முகத்தை நனைத்துவிட்டு மெல்ல இறங்க வேண்டும். சிறுபிள்ளை எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் முதல் குளியல் விதி. பல கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. கையில் மாட்டும் காற்றுப்பையை நம்ப முடியாது, உடம்போடு கட்டும் மிதவைச் சட்டை வேண்டும். சுவிஸ் ஏரிக்கரைகளில் ஆரஞ்சு விளக்கு மின்னுவது அலங்காரத்துக்கு அல்ல: நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம், 90 முறை என்றால் புயல் எச்சரிக்கை, படகும் பிள்ளையும் உடனே கரையேற வேண்டும். தூன் நகரில் ஏரியை விட்டு வெளியேறும் ஆரே ஆற்றில் உள்ளூர்க்காரர்கள் மிதந்து போவதைப் பார்த்து இறங்கிவிடக் கூடாது. அதன் இழுப்பைப் பழகியவர்களுக்கே அது விளையாட்டு.

இதமான, ஆழமற்ற நீருக்கும் ஒரு தொல்லை உண்டு. வாத்துகளிடமும் நத்தைகளிடமும் வாழும் ஓர் ஒட்டுண்ணியின் இளம்புழுக்கள் கோடையில் கரையோர நீரில் மிதந்து, தோலில் புகுந்து அரிப்புத் தடிப்பை உண்டாக்கும். ஆபத்தில்லை, சில நாளில் தானே அடங்கும். வாத்துகள் கூடும் மூலைகளைத் தவிர்த்து, வெளியே வந்ததும் உடம்பைத் தேய்த்துத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

ஏரிகள் எல்லாம் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இருப்பதால் உயரத்தால் மூச்சுக்குக் குறைவில்லை. 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் வேறு விஷயம்: கைக்குழந்தையை அவ்வளவு உயரத்துக்கு வேகமாகக் கொண்டுபோவதை மருத்துவர்கள் பொதுவாக விரும்புவதில்லை. இன்டர்லாக்கனுக்கு அருகில் 1,967 மீட்டரில் நிற்கும் ஷினிகே பிளாட்டே மலைமேடு போதும். அங்கிருந்து பார்த்தாலும் அதே பனிச்சிகரங்கள்தான்.

விசா

இங்கே பேசிய நாடுகள் அனைத்தும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒரே விசாவில் எல்லா ஏரிகளுக்கும் போகலாம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, ஆறுக்குக் கீழே கட்டணமில்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதானால், மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். கிளம்பும்போது அதன் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.